விண்வெளியைத் தேடி கடலில் குதித்தவர்!

குட்டீஸ்... எலவனாசூர்கோட்டையில், வீட்டு மாடிகளில் இருக்கும், 'டிஷ்' ஆன்டெனாக்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருமுறை பொருத்திவிட்டால், இரவும் பகலும் வானத்தில் ஒரே இடத்தையே பார்த்தபடி நிற்கும். ஏன் தெரியுமா? அங்கே, 36 ஆயிரம் கி.மீ., உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் இருக்கிறது. பூமி ஒருமுறை சுழலும் நேரத்தில், அதுவும் ஒருமுறை பூமியைச் சுற்றி விடும். அதனால், நம் கண்ணுக்கு நின்ற இடத்திலேயே நிற்பது போலத்தான்!

இப்படி செயற்கைக்கோள்களை நிறுத்தினால், உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று, 1945ல் ஒருவர் கட்டுரை எழுதினார். அப்போது வானத்தில் ஒரு செயற்கைக்கோள் கூடக் கிடையாது. அவர் தான், ஆர்தர் சி. கிளார்க்.

வானத்தையே நினைத்துக் கொண்டிருந்த இவர், வாழ்நாளில் பாதியைக் கடலுக்காக இலங்கையில் கழித்தார் என்பது பலருக்குத் தெரியாது.

இங்கிலாந்தில், மைன்ஹெட் என்ற கடற்கரை ஊரில், டிசம்பர் 16, 1917ல் பிறந்தார் ஆர்தர். அப்பா விவசாயி. ஆர்தர் சிறுவனாக இருந்தபோதே அவர் இறந்து விட்டார். குடும்பத்தில் பணக் கஷ்டம். அதனால், பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லூரிக்குப் போக முடியவில்லை. லண்டனில் அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஆனாலும், நட்சத்திரம் பார்ப்பதையும், விஞ்ஞானக் கதைகள் படிப்பதையும் விடவில்லை. இரண்டாம் உலகப் போரில், விமானப் படையில் ரேடார் பிரிவில் பணியாற்றினார். போர் முடிந்த பின், கல்லூரியில் சேர்ந்து, கணிதமும் இயற்பியலும் படித்து, 1948ல் முதல் வகுப்பில் தேறினார்.

விண்வெளிக்குப் போக வேண்டும் என்பது அவரது ஆசை. ஆனால், அன்று மனிதன் போக ராக்கெட் ஏது? எடையே இல்லாமல் மிதப்பது எப்படி இருக்கும் என்று அறிய, பூமியிலேயே ஓர் இடம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதுதான் கடல்!

தண்ணீருக்குள் நம் உடலை நீர் மேல்நோக்கித் தாங்குகிறது. சரியான அளவில் எடை கட்டிக் கொண்டால், மேலேயும் போகாமல், கீழேயும் போகாமல், அப்படியே மிதக்கலாம். இன்று, விண்வெளி வீரர்களுக்குப் பெரிய நீச்சல் தொட்டிகளில் பயிற்சி கொடுப்பதும் இதனால்தான்.

முக்குளிக்க உதவும், 'ஸ்கூபா' கருவிக்கு வழி வகுத்தவர்கள், பிரான்சைச் சேர்ந்த கூஸ்தோவும், காஞ்யானும். இவர்கள், 1943ல் உருவாக்கிய கருவி, வீரர் மூச்சை இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்திற்குத் தேவையான அழுத்தத்தில் காற்றைத் தரும். முதுகில் சுமக்கும் சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் மட்டும்தான் என்று நினைப்போம். பொதுவாக அதில் இருப்பது, நாம் சுவாசிக்கும் சாதாரண காற்றுதான், அழுத்தி அடைத்திருப்பர்.

ஸ்கூபா பழகிய ஆர்தர், 1954ல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டைப் பார்க்கக் கப்பல் ஏறினார். வழியில், கொழும்புத் துறைமுகத்தில் சில மணி நேரம் கப்பல் நின்றது. அங்கே, ரோட்னி ஜோங்க்லாஸ் என்ற விலங்கியலாளரைச் சந்தித்தார். அவரும் முக்குளிப்பவர். இலங்கைக் கடலைப் பற்றி அவர் சொன்னது ஆர்தரின் மனதில் பதிந்தது. 1956ல், இலங்கைக்கே குடிவந்து விட்டார்.

பவளத்திட்டு என்பது வெறும் பாறை அல்ல. கோடிக்கணக்கான சிறு உயிரினங்கள், சுண்ணாம்பால் கட்டிய ஊர். அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. அவைதான் வெயிலைக் கொண்டு உணவு சமைத்துத் தரும். அதனால்தான், வெயில் நன்றாக விழும் ஆழமற்ற வெதுவெதுப்பான கடலில் பவளத்திட்டுகள் செழிக்கின்றன. கிளிமீன், வண்ணத்துப்பூச்சி மீன், கடலாமை என்று, அங்கே எப்போதும் திருவிழாக் கூட்டம்தான்!

ஆர்தரும், அவர் நண்பர் மைக் வில்சனும், திருகோணமலையில் முக்குளித்தபோது, வேறோர் அதிசயமும் காத்திருந்தது. திருஞானசம்பந்தர் பாடிய கோணேஸ்வரம் கோவிலை, 1624ல் போர்ச்சுக்கீசியர் இடித்துத் தள்ளியிருந்தனர். அந்தக் கோவிலின் தூண்களும், செதுக்கிய கற்களும், சுவாமி மலைக்குக் கீழே கடலுக்குள் கிடந்தன! இந்தச் செய்தியை, 1957ல் வெளிவந்த தன் நூலில் எழுதி, உலகிற்குச் சொன்னார் ஆர்தர்.

அடுத்து, 1961ல், இலங்கையின் தென்கிழக்கே இருக்கும், 'கிரேட் பேசஸ்' என்ற திட்டில், மைக் வில்சனும், உங்கள் வயதுள்ள இரண்டு அமெரிக்கச் சிறுவர்களும் முக்குளித்தனர். உடைந்த கப்பல் ஒன்றின் மிச்சம் அங்கே கிடந்தது. சிறு பீரங்கியும், கட்டி கட்டியாக ஒட்டிப்போன வெள்ளி நாணயங்களும் கிடைத்தன. அவை, அவுரங்கசீப் காலத்தில், 1702ல் சூரத்தில் அச்சிடப்பட்டவை!

மீண்டும் அங்கே போக வேண்டும். ஆனால், அந்தத் திட்டில் கடல் அமைதியாக இருப்பது ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே. காத்திருந்த நேரத்தில், இடி விழுந்தது போல ஒன்று நடந்தது. 1962ல், திடீரென ஆர்தரின் கை, கால்கள் செயலிழந்தன. போலியோ! பல மாதம் படுக்கை. இனி கடலே இல்லை என்ற நிலைமை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? கடலுக்குப் போக முடியாவிட்டால் என்ன, எழுத முடியுமே என்று, ஒரு கதை எழுதினார். டால்பின்களோடு பழகி, பவளத்திட்டில் முக்குளிக்கும் ஒரு சிறுவனின் கதை அது. 1963ல் வெளிவந்த அந்த நாவல், உங்களைப் போன்றோருக்காக எழுதியதுதான்.

கொஞ்சம் கொஞ்சமாக உடல் தேறியது. அதே, 1963ல், கிரேட் பேசஸ் திட்டிற்குப் புறப்பட்ட குழுவோடு அவரும் சேர்ந்து போனார். பிறகு பல ஆண்டுகள் முக்குளித்தார். தரையில் நடக்கச் சிரமப்பட்டவருக்கு, தண்ணீருக்குள் எந்தத் தடையும் இல்லை. எடை இல்லாத இடத்தில் பலவீனமான கால்கள் உடலைத் தாங்க வேண்டியதில்லையே! எந்த மிதப்பைத் தேடிக் கடலுக்கு வந்தாரோ, அதுவே அவருக்குக் கால்களாக இருந்தது.

பிற்காலத்தில் போலியோவின் பாதிப்பு திரும்பவே, சக்கர நாற்காலி துணையானது. எழுதுவதை மட்டும் அவர் நிறுத்தவே இல்லை. 2004ல் வந்த சுனாமி, ஹிக்கடுவையில் இருந்த அவரது முக்குளிப்பு நிலையத்தை அழித்தது. மார்ச் 19, 2008ல், கொழும்பில், 90வது வயதில் காலமானார்.

அவர் ரசித்த பவளத்திட்டுகளுக்கு இன்று ஆபத்து. கடல் நீர் அதிகமாகச் சூடேறினால், பவள உயிர்கள் பாசிகளை வெளியே தள்ளி, வெளுத்துப் போகும். 1998ல், ஹிக்கடுவையிலும், நம் மன்னார் வளைகுடாவிலும் அப்படித்தான் நடந்தது.

என்றாவது நீங்கள் ராமேஸ்வரம் பக்கம் போய், கண்ணாடிப் படகிலோ, முகமூடி அணிந்தோ பவளத்தைப் பார்க்க நேர்ந்தால், கண்ணால் மட்டும் ரசியுங்கள். மிதித்தால் உடையும், மீண்டும் வளர பல ஆண்டுகளாகும். கடையில் பவளத் துண்டு விற்றாலும் வாங்காதீர்கள். அது கல் அல்ல. ஒரு ஊரே குடியிருந்த வீடு!