மேரி கார்ப்பென்டர் அம்மையார்

பள்ளிக்கூடத்தினின்று ஒரு பிள்ளையை நீக்குதல் எளிது. நீக்குண்ட பிள்ளை பின்னர் எங்குச் செல்கின்றது என்று ஆராய்வார் சிலரே. அச்சிலருள் வைத்து எண்ணத்தக்கவர் மேரி கார்ப்பென்டர் அம்மையார்.

அம்மையார் இங்கிலாந்து தேயத்து எக்ஸிட்டர் நகரில் 1807ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் லான்ட் கார்ப்பென்டர் என்னும் சமய போதகர், பள்ளி நடத்தியவர். அவரே மகளார்க்கு ஆசிரியருமாயினர். இக்குடும்பத்தார் பின்னர்ப் பிரிஸ்டல் நகரிற் குடியேறினர்.

அந்நாளில் கந்தையுடுத்து ஒழுங்கின்றித் திரிந்த ஏழைச் சிறுவரைப் பொதுப் பள்ளிகள் ஏற்றில. அவர்கள் தெருவிலே வளர்ந்து, திருடக் கற்று, முதியோருடன் ஒருங்கே சிறை புகுந்தனர். இஃது அம்மையாரின் உள்ளத்தை வருத்தியது. 1846ஆம் ஆண்டு, வறியோர் நெருங்கி வாழ்ந்த லூயின்ஸ் மீட் பகுதியில் அத்தகைய சிறுவர்க்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கினார்.

ஒரு முரட்டுப் பிள்ளையால் வகுப்பு முழுதும் கெடுமே என்பாரும் உளர். அம்மையார் இதனை அறியாதவரல்லர். ஆயினும், ஒரு பள்ளிக்கு ஒவ்வாத பிள்ளைக்கு ஏற்ற வேறு பள்ளி வேண்டுமேயன்றித் தெருவும் சிறையும் விடையாகா என்பது அவர் துணிபு. ஏழையர்க்கு இலவசப் பள்ளி, தீநெறியில் விழும் நிலையிலுள்ளார்க்குத் தொழிற்பள்ளி, குற்றஞ் செய்தார்க்குச் சீர்திருத்தப் பள்ளி என மூவகைப் பள்ளிகள் வேண்டுமென 1851ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். மறு ஆண்டே கிங்ஸ்வுட்டில் ஒரு சீர்திருத்தப் பள்ளி தோன்றியது. 1854ஆம் ஆண்டு, கவிஞர் பைரனின் மனைவியார் உதவியால், பெண்பிள்ளைகட்கென ரெட் லாட்ஜ் என்னும் இல்லம் எழுந்தது.

அவ்வாண்டிலேயே சீர்திருத்தப் பள்ளிகளை ஏற்கும் சட்டமும் பிறந்தது. எனினும், பள்ளிக்கு அனுப்புமுன் சிறுவரைப் பதினான்கு நாளேனும் சிறையில் வைத்தல் வேண்டுமென அச்சட்டம் விதித்தது. அம்மையார் இதனைக் கடிந்து பேசியும் எழுதியும் வந்தார். அவ்விதி 1899ஆம் ஆண்டே நீங்கியது. அதனைக் காண அவர் உயிருடன் இலர். தெருவிலே திரியும் பிள்ளைகட்கு உணவளித்துத் தொழிலும் எழுத்தும் கற்பிக்கும் பகற்பள்ளிகட்கு 1876ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தமையை மட்டும் கண்டு மகிழ்ந்தார்.

1833ஆம் ஆண்டு பிரிஸ்டலுக்கு வந்த ராஜா ராம்மோகன் ராயரைக் கண்டது முதல் நம் நாட்டின்பால் அவர்க்குப் பற்றுண்டு. 1866 முதல் நான்கு முறை இந்தியாவிற்குப் போந்து, பெண்கல்விக்கும் சிறைச் சீர்திருத்தத்திற்கும் உழைத்தார். 1877ஆம் ஆண்டு பிரிஸ்டலில் உயிர் நீத்தார்.

நம்முட் பலர் நாளை ஆசிரியராவோம். ஒரு மாணவனை நீக்கும் உத்தரவிற் கையொப்பமிடுமுன், அவன் நாளைக் காலை எங்கே செல்வான் என்று நாம் வினவுவோமாயின், அம்மையாரின் வாழ்க்கையைக் கற்ற பயன் நமக்கு உண்டு.