உறவைக் கணக்கிட்ட ஹால்டேன்

சென்ற ஆண்டு பிராசீன வகுப்பிலே சிபியின் வரலாற்றைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். பருந்துக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்த புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசிலிட்ட அந்தச் சோழர்குல முன்னோனைப் பற்றிப் பேசும்போது என் குரல் சற்றே தழுதழுப்பது வழக்கம். அன்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். உயர்தரத்தில் உயிரியல் கற்றுவிட்டு, தமிழ்மேற் கொண்ட ஆசையால் எங்களிடம் வந்தவன். ஐயா, அந்தப் புறா அரசனுக்கு என்ன முறை என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது, நானுஞ் சிரித்தேன். அவனோ விளையாட்டாகக் கேட்கவில்லை. ஓருயிர் பிறிதோர் உயிருக்காகத் தன்னை இழப்பதற்கும் உயிரியலிலே ஒரு கணக்குண்டு, அக்கணக்கு இரத்த உறவைப் பொறுத்தது, அதை முதன்முதலிற் போட்டுப் பார்த்தவர்களுள் ஒருவர் ஹால்டேன் என்று விளக்கினான். பெயரை முன்னரே கேள்வியுற்றிருந்தேன், ஆளை அறியேன். அதன்பின் பல மாதங்கள் அவரைப் பற்றியே படித்தேன்.

ஜோன் பேர்டன் சாண்டர்சன் ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆந் திகதி ஒக்ஸ்போர்ட்டிலே பிறந்தார். தந்தையார் ஜோன் ஸ்கொட் ஹால்டேன் பேர்பெற்ற உடற்றொழிலியல் அறிஞர். சுரங்கங்களில் தொழிலாளரைக் கொல்லும் நச்சு வாயுக்களை ஆராய்ந்தவர். ஆராய்ச்சிக்குத் தம் உடலையே முதலில் ஒப்புக்கொடுப்பது அவர் வழக்கம், அடுத்தபடி மகனை. சிறுவனாயிருந்த ஹால்டேனை ஒரு நிலக்கரிச் சுரங்கத்துள் அழைத்துச் சென்று, நிமிர்ந்து நின்று ஷேக்ஸ்பியரின் நாடகத்திலே மார்க் அந்தோனி நிகழ்த்தும் பேச்சை ஒப்புவிக்கும்படி பணித்தார். சில அடிகள் சொல்வதற்குள் மூச்சு முட்டிப் பையன் நிலத்திலே சாய்ந்தான். நிலமட்டத்தில் மூச்சு இலகுவாக வந்தது. அந்த வாயு காற்றிலும் இலேசானது, மேலேதான் தங்கும் என்ற பாடத்தை அவர் பின்னர் மறக்கவேயில்லை. நாமும் மாணவரைச் செய்யுள் ஒப்புவிக்கச் செய்கிறோம். இவ்வளவு தூரம் போனதில்லை.

இவரைப் பற்றி எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த செய்தி ஒன்றுண்டு. விஞ்ஞானத்திலே இவர் எந்தப் பட்டமும் பெற்றவரல்லர். ஒக்ஸ்போர்ட்டிலே கணிதத்தில் தொடங்கி, கிரேக்கமும் இலத்தீனுமாகிய பழமொழிகளிலும் மெய்யியலிலும் 1914இல் முதல்வகுப்பிற் தேறியவர். நம் வழக்கிலே சொன்னால் அவரும் ஒரு பண்டிதர்!

முதலாம் உலகப் போரிலே படையதிகாரியாகச் சென்று பிரான்சிலும் மெசொப்பொத்தேமியாவிலும் காயமுற்றார். இரண்டாம் முறை காயமுற்றபோது, உடல் தேறுவதற்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அந்நாட்டை அவர் விரும்பினார். ஆளும் இனத்தவனாக அங்கே நடமாடுவதை விரும்பவில்லை. இந்தியரோடு சமமாகப் பழகக்கூடிய காலம் வந்தாலன்றித் திரும்புவதில்லை என்று எண்ணிக்கொண்டு புறப்பட்டார். நாற்பது ஆண்டுகளின் பின்னர் அவ்வாறே திரும்பினார்.

இடைப்பட்ட காலத்தை விரிக்கிற் பெருகும். கேம்பிறிட்ஜில் உயிரிரசாயனவியல் கற்பித்தார். 1933இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் பேராசிரியராய்ச் சென்றார். டார்வினின் இயற்கைத் தேர்வையும் மெண்டலின் பரம்பரை விதிகளையும் கணிதத்தால் ஒன்றாகப் பிணைத்த மூவருள் இவர் ஒருவர்; மற்றையோர் ஃபிஷரும் ரைட்டும். பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்து பின் விலகினார். சோவியத் நாட்டிலே லைசென்கோ என்பவர் பிறப்புரிமையியலை அழித்த காலத்தில், வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கி நின்றது அவர் வாழ்விலே ஒரு குறைதான். அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

1939 ஜூன் மாதம் தெற்றிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் லிவர்ப்பூல் விரிகுடாவிலே அமிழ்ந்து 99 பேர் மாண்டனர். அவர்கள் எவ்வாறு இறந்தார்கள் என்று அறிவதற்காக, ஹால்டேன் வேறு சிலரோடு காற்றுப்புகா இரும்பறை ஒன்றினுள்ளே தம்மை அடைத்துக்கொண்டு, தாம் விட்ட மூச்சையே தாம் மீண்டும் உள்ளிழுத்தபடி மணிக்கணக்காக இருந்தார். போர்க்காலம் முழுவதும் இத்தகைய சோதனைகள் தொடர்ந்தன. ஒரு முறை வலிப்புக் கண்டு முதுகென்பு நொறுங்கியது. அந்த நோவு அவரை விட்டு நீங்கவேயில்லை.

இனி அந்தக் கணக்குக்கு வருவோம். கொட்டிய தேனீ இறக்கிறது, அது முட்டையிடுவதுமில்லை. சந்ததியே இல்லாத உயிருக்குத் தன்னை மாய்த்துக்கொள்ளும் குணம் எவ்வாறு பரம்பரையாக வரும்? டார்வினையே தடுமாற வைத்த கேள்வி இது. கூர்ப்பின் காரணங்களைப் பற்றி 1932இல் வெளியிட்ட நூலிலே ஹால்டேன் இதைத் தொட்டார்; 1955இல் எழுதிய ஒரு கட்டுரையிலே எண்களால் விளக்கினார். வெள்ளத்திலே ஒரு பிள்ளை போகிறது. குதித்துக் காப்பாற்றினால் பத்துக்கு ஒரு முறை நாம் மூழ்கிப் போவோம் என்று கொள்க. குதிக்கத் தூண்டும் பரம்பரையலகு ஒன்று நம்மிடம் இருக்குமாயின், நம் பிள்ளையிடமோ உடன்பிறப்பிடமோ அதுவே இருப்பதற்குப் பாதி வாய்ப்புண்டு. ஆகவே அந்த அலகு ஒன்று அழிய ஐந்து பிழைக்கும். பேரப்பிள்ளை, மருமகப்பிள்ளை என்றால் இரண்டரை. மைத்துனராயின் எட்டில் ஒரு பங்குதான் பொதுவாகையால் ஆதாயம் மிகச் சொற்பம். அதற்கப்பால் நட்டமே. இத்தகைய குணம் உறவினரே நெருங்கி வாழும் சிறு கூட்டங்களிற்றான் பரவியிருக்கக்கூடும் என்று முடித்தார்.

மது அருந்தும் இடமொன்றிலே காகித உறையின் பின்புறத்திற் கணக்குப் போட்டு, இரண்டு சகோதரருக்காகவோ எட்டு மைத்துனருக்காகவோ உயிர்கொடுக்கத் தயார் என்று அவர் கூறினார் என ஒரு கதையுண்டு. அவருடைய மாணவர் மேனாட் ஸ்மித் சொல்லிப் பரவியது. கதை அழகாயிருக்கிறது, ஆனால் அந்தக் கட்டுரையிலே அவரே எழுதிய இன்னொரு செய்தி எனக்கு அதனினும் பெரிது. நீரில் மூழ்கக்கூடிய நிலையிலிருந்தவர்களை அவர் தம் வாழ்நாளில் இருமுறை இழுத்துக் கரைசேர்த்திருக்கிறார். அவ்வேளைகளிலே இப்படிக் கணக்குப் பார்க்கத் தமக்கு நேரமிருக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறார்.

அந்த இடத்திலே நான் புத்தகத்தை மூடிவிட்டேன். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீதியிலே இறங்கியபோது எனக்கு இருபத்தாறு வயது. கொட்டும் மழையிலே அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, செம்மணி வெளி கடந்து, நாவற்குழிப் பாலத்திலே அடிமேல் அடிவைத்து நகர்ந்து தென்மராட்சியை அடைய மறுநாட் பொழுது ஏறிவிட்டது. வழியிலே ஒரு வீட்டார் படலையைத் திறந்து உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். விறாந்தையிலும் மாட்டுக்கொட்டிலிலும் ஏற்கனவே நான்கு குடும்பங்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் எந்த உறவுமில்லை. எங்கள் ஊர்ப்பெயரைத் தவிர வேறெதையும் அவர்கள் கேட்கவில்லை. அந்த வீட்டுக் கிணறு வற்றும்வரை எல்லோரும் அள்ளினோம். ஹால்டேனின் கணக்கிலே இவர்களை எந்த நிரலில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. இதை அம்மாணவனிடஞ் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, தன் தாயாரும் அந்தப் பாலத்தைக் கடந்தவரே என்றான்.

1957 ஜூலையிலே, அறுபத்து நான்கு வயதில், ஹால்டேன் மனைவி ஹெலன் ஸ்பர்வேயோடு கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார். மகலனோபிஸ் நிறுவிய புள்ளிவிபரவியற் கழகத்திலே பணி. ஹெலனும் விலங்கியல் அறிஞர்; விலங்குகளின் நடத்தையை ஆய்ந்தவர். தேனீக்கள் தேன் இருக்கும் திசையை ஆட்டத்தாற் கூட்டத்துக்கு அறிவிப்பதை ஃபொன் ஃபிரிஷ் கண்டறிந்திருந்தாரல்லவா? அந்த ஆட்டத்திலே எவ்வளவு செய்தி அடங்கியுள்ளது என்று இருவருஞ் சேர்ந்து 1954இலேயே கணித்திருந்தனர்.

வேட்டியும் சட்டையும் அவர் உடையாயின. விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று ஏங்கிய இளைஞரிடம், கண்ணும் பொறுமையும் இருந்தாற் போதும், உயிரைக் கொல்லாமலே ஆராயலாம் என்று வற்புறுத்தினார். றோய் என்பவர் பவளமல்லிகைப் பூக்களின் இதழ்களை எண்ணினார். டேவிஸ் தென்னையிலே ஓலைகள் இடஞ்சுழியாகவும் வலஞ்சுழியாகவும் அமைவதை எண்ணினார். துரோணம்ராஜு ஆந்திர நாட்டிலே மாமன் மருமகள் மணத்தையும் மைத்துன முறை மணத்தையும் ஆராய்ந்தார். மச்சான் மச்சாள் உரிமை பேசும் நம்மவருக்கும் அது படிக்கத்தக்க ஆராய்ச்சியே.

ஜயகரும் ஹெலனும் மஞ்சள்மூக்கு ஆட்காட்டியைக் கவனித்தார்கள். நம் தரவைகளிலே ஆளைக் கண்டதும் கத்தித் திரியும் ஆட்காட்டியின் இனந்தான். கோடை வெயிலிலே வெறுந்தரையில் முட்டையிடும் இப்பறவை, நீர்நிலைக்குச் சென்று வயிற்றுச் சிறகுகளை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கிறது. இத்தனை காலம் நான் அதைக் கத்துகிற குருவி என்று மட்டுமே அறிந்திருந்தேன்.

சினமும் அவருக்கு மூக்கு நுனியிலேயே இருந்தது. 1961இல் கழகத்திலிருந்து விலகினார். மறு ஆண்டு ஒரிசா அரசின் ஆதரவோடு புவனேசுவரத்திலே ஆய்வுகூடம் ஒன்றை அமைத்தார். ஈராண்டுகள்தாம் கிடைத்தன. குடலின் கடைப்பகுதியிலே புற்றுநோய் கண்டது. அதைப் பற்றி நகைச்சுவைப் பாட்டெழுதி 1964இல் ஆங்கிலச் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். தம் மரணச் செய்தியையும் தாமே தொலைக்காட்சிக்குப் பேசி வைத்தார்.

அவ்வாண்டிலேதான் ஹமில்ற்றன் என்ற இளைஞர், ஹால்டேன் சில வரிகளிற் சொன்னதை முழுக் கணிதமாக விரித்து வெளியிட்டார். விலங்கும் மனிதரும் கூடிவாழும் முறையை உயிரியலால் விளக்கும் துறை அதன்மேல் எழுந்தது. வில்சன் 1975இல் அத்துறைக்குப் பெருநூல் எழுதி, மனிதரையும் அதிலே சேர்த்தபோது பெரும் பூசல் மூண்டது. அதைக் காண ஹால்டேன் இருக்கவில்லை. 1964 டிசம்பர் 1ஆந் திகதி புவனேசுவரத்திலே காலமானார்.

தம் உடலை எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம் என எழுதிவைத்திருந்தார். அவ்வுடல் ஆந்திரக் கரையிலுள்ள காக்கிநாடாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டு, ரங்கராயா மருத்துவக் கல்லூரி மாணவரின் படிப்புக்காக ஒப்படைக்கப்பட்டது.