கை கொடுத்த டாக்டர் மேரி வர்கீஸ்

எழுந்து நடக்க முடியாத பெண் ஒருவர், எழ முடியாத பலருக்கு வாழ்வு கொடுத்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தினார். இனி வாழ்வு இல்லை என்று மூலையில் கிடந்தவர்களை, வேலை செய்து சாப்பிடும் மனிதர்கள் ஆக்கினார்.

அவர்தான் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ்.

பிறப்பும் படிப்பும்

கொச்சிக்கு அருகே செராய் என்ற ஊர் இருக்கிறது. அங்கே வசதியான கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில், 1925-ம் ஆண்டு மேரி பிறந்தார்.

டாக்டர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்த ஆஸ்பத்திரி, ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண்மணி 1900-ம் ஆண்டில் ஒரே ஒரு கட்டிலுடன் தொடங்கியது. பிறகு நாடறிந்த ஆஸ்பத்திரியாக வளர்ந்தது.

மேரி டாக்டர் பட்டம் பெற்றார். வேலூரிலேயே வேலை கிடைத்தது. பெண்களுக்கு வைத்தியம் செய்யும் துறையில் தேர்ச்சி பெற விரும்பினார். வாழ்க்கை நேர்ப்பாதையில் போய்க்கொண்டிருந்தது.

வண்டி கவிழ்ந்தது

1954-ம் ஆண்டு ஜனவரி மாதம் அது. இளம் டாக்டர்கள் சிலர் வண்டியில் உல்லாசப் பயணம் போனார்கள். மேரியும் போனார். வழியில் வண்டி கவிழ்ந்தது.

மேரியின் முகம் கிழிந்தது. முதுகெலும்பில் பலத்த அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி அற்றுப்போனது.

உயிர் பிழைத்தார். ஆனால் கால்கள் பிழைக்கவில்லை.

வைத்தியம் செய்ய வந்தவர், நோயாளியாகப் படுக்கையில் கிடந்தார். நாட்கள் மாதங்கள் ஆயின. தம் உடம்பை இந்தப் பக்கம் திருப்பவும் பிறர் வர வேண்டும். இனி யாருக்கு என்ன பயன் என்று மனம் உடைந்தார்.

பிராண்ட் காட்டிய வழி

அப்போது வேலூரில் பால் பிராண்ட் என்ற ஆங்கில டாக்டர் இருந்தார். நம் கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு ஆபரேஷன் செய்து, உலகப் புகழ் பெற்றவர்.

மேரிக்குக் கால்தான் போனது, கை போகவில்லை. கை ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம். இதை எடுத்துச் சொல்லி, மேரியைத் தம்மிடம் பயில அழைத்தார் பிராண்ட்.

மேரி முதலில் தயங்கினார். பிறகு துணிந்தார். சக்கர நாற்காலி ஆபரேஷன் அறைக்குள் போனது. உட்கார்ந்தபடியே கத்தியைப் பிடித்தார், டாக்டர் மேரி.

தொழுநோய்க் கிருமி நரம்புகளைக் கெடுக்கும். சில தசைகள் செயல் இழக்கும். விரல்கள் கழுகின் நகம்போல் மடங்கிக்கொள்ளும். நன்றாக வேலை செய்யும் வேறு ஒரு தசையின் நாணை எடுத்து, விரல்களில் இணைத்துத் தைத்தால், விரல்கள் மறுபடியும் விரியும்.

நோயாளிகள் டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டருக்கும் உடம்பு ஊனம். அவரே இவ்வளவு வேலை செய்யும்போது நமக்கு என்ன குறை என்ற தைரியம் அவர்களுக்குப் பிறந்தது.

கைக்குப் பாடம்

ஆபரேஷன் முடிந்தால் வேலை முடிந்ததா? இல்லை.

வேறு வேலை செய்துகொண்டிருந்த தசை, இப்போது விரலை விரிக்க வேண்டும். அதற்குப் பழக்கம் வேண்டும். பிடிக்க, விட, கிள்ள, எடுக்க, கை புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். குழந்தை எழுதப் பழகுவதுபோலத்தான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. கை நிமிர்ந்தாலும் உணர்ச்சி திரும்பாது. சூடான பாத்திரத்தைத் தொட்டால் சுடுவது தெரியாது. கருவியை அழுத்திப் பிடித்தால் தோல் கிழிவது தெரியாது. தொழுநோயாளிகளின் விரல்கள் குறைந்துபோவதற்குப் பெரிய காரணம் இப்படிப்பட்ட காயங்களே என்பதைப் பிராண்ட் கண்டறிந்தார்.

அதனால் நோயாளி கண்ணால் பார்த்து வேலை செய்யப் பழக வேண்டும். கருவிக்குத் தடித்த, வழவழப்பான பிடி போட வேண்டும். மாலையில் கையைக் கழுவி, காயம் உண்டா என்று பார்க்க வேண்டும்.

இதற்காக வேலூரில் முன்பே நவ ஜீவ நிலையம் தொடங்கப்பட்டிருந்தது. ஆபரேஷன் ஆனவர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை பழகினார்கள். மரப் பொம்மைகள் செய்தார்கள். பிச்சைக்கு நீண்ட கை, உளி பிடித்தது.

வேலையையே மருந்தாகக் கொடுக்கும் இந்த முறைக்குத் தொழில்வழிச் சிகிச்சை என்று பெயர். டாக்டர்கள் ஆக்குபேஷனல் தெரபி என்பார்கள்.

கடல் கடந்த படிப்பு

மேரிக்கு ஒரு கவலை இருந்தது. தம்மைப்போல் முதுகெலும்பு உடைந்தவர்கள் நாட்டில் எத்தனையோ பேர். மரத்திலிருந்தும் கட்டடத்திலிருந்தும் விழுந்தவர்கள் அவர்கள். வீட்டுக்குப் போனால் படுக்கைப் புண் வந்து மாண்டார்கள். அவர்களுக்கு யார் கை கொடுப்பது?

மேரி ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குச் சிகிச்சைக்குப் போனார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளும் பயிற்சியை அங்கே பெற்றார்.

பிறகு அமெரிக்கா போனார். நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு நிலையத்தில் சேர்ந்தார். இரண்டாவது உலகப் போரில் ஊனமுற்ற வீரர்களுக்கு மறுவாழ்வு கொடுத்துப் பெயர் பெற்றவர் ரஸ்க். மேரி அங்கே இந்த வைத்தியத்தை முறையாகப் படித்தார்.

வேலூரில் புது வாசல்

மேரி தாயகம் திரும்பினார். வேலூர் ஆஸ்பத்திரியில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்கு 1963-ம் ஆண்டு தலைவர் ஆனார். 1966-ம் ஆண்டு, வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் இப்படிப்பட்ட நிலையம் இந்தியாவில் அதுவே முதலாவது.

இதுபோன்ற நிலையத்தில் டாக்டர் மட்டும் போதாது. உடற்பயிற்சி கொடுப்பவர் தசைக்கு வலு ஏற்றுவார். செயற்கைக் கால் செய்பவர் கால் செய்து கொடுப்பார். அந்த வலுவை வாழ்க்கைக்குப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பவரே தொழில்வழிச் சிகிச்சையாளர்.

அவர் நோயாளியிடம் கேட்கும் கேள்விகளே வேறு. வீட்டு வாசலில் எத்தனை படி? குளிக்கும் இடம் எங்கே? முன்பு என்ன வேலை செய்தாய்?

பதிலுக்கு ஏற்றபடி பயிற்சி நடக்கும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சட்டை போடுவது, குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் பாடங்கள். கரண்டி பிடிக்க முடியாத கைக்குக் கரண்டியின் பிடியைத் தடிமன் ஆக்கிக் கொடுப்பார். படுக்கைப் புண் வராமல் இருக்க, நாற்காலியில் கையை ஊன்றி உடம்பை அடிக்கடி தூக்கச் சொல்லிக்கொடுப்பார். வயலுக்குப் போக முடியாதவர், உட்கார்ந்து செய்யும் தொழில் ஒன்றைப் பழகிக்கொள்ளலாம்.

வீட்டாருக்கும் பாடம் உண்டு. பாசத்தால் எல்லாவற்றையும் தாங்களே செய்துவிடக்கூடாது. அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும் என்று காத்திருக்கப் பழக வேண்டும். இது தாய்க்கும் மனைவிக்கும் கடினமான பாடம்.

இவை மேரிக்கு ஏட்டுப் படிப்பு அல்ல. தம் உடம்பில் பட்டு அறிந்தவை. தாமே சட்டை போட்டுக்கொண்ட முதல் நாளின் மகிழ்ச்சி, கால் போனவருக்குத்தானே தெரியும்!

பெற்ற புகழ்

1972-ம் ஆண்டு இந்திய அரசாங்கம் மேரிக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-ம் ஆண்டு அவர் காலமானார்.

அந்த விபத்துக்குப் பிறகு அவர் 32 ஆண்டுகள் வாழ்ந்தார். ஒரு நாளும் முன்போல் நடக்கவில்லை. ஆனால் அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை. பாகாயத்தில் இன்றும் நோயாளிகள் நாற்காலியைத் தாமே தள்ளிப் பழகுகிறார்கள்.

ஆஸ்பத்திரி, உயிரை மட்டும் காப்பாற்றினால் போதாது; உழைத்து வாழும் வழியையும் காட்ட வேண்டும். இதைத் தம் வாழ்க்கையாலேயே காட்டிச் சென்றார், டாக்டர் மேரி வர்கீஸ்.