சினிமா ராணி டி.பி. ராஜலட்சுமி அம்மா

நம்ம விழா மலருக்காக, தமிழின் முதல் பேசும் படத்தில் கதாநாயகியா நடிச்ச டி.பி. ராஜலட்சுமி அம்மாவைப் பற்றி எழுதுகிறேன்.

இவரை எடுத்துக்கொண்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. போன தை மாசம் ஒரு கல்யாணத்துக்கு என் மகள் சிவப்பு லிப்ஸ்டிக் போட்டு வந்தாள். இது என்ன கூத்தாடி வேஷம்னு சொந்தக்காரங்க முகம் சுளிச்சாங்க. நம்ம திருவண்ணாமலை பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துல, ஆம்பளைங்க புடவை கட்டி, உதட்டுக்குச் சிவப்பு பூசி பாஞ்சாலியா வர்றாங்க. அவங்களைக் கையெடுத்துக் கும்பிடுறோம். அதே சிவப்பை ஒரு பொண்ணு பூசினா மட்டும் குத்தமா?

ராஜலட்சுமி அம்மா 1911-ல் திருவையாறில் பிறந்தவர். விவரம் தெரியாத வயசிலேயே கல்யாணம். அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. அப்பாவும் இறந்துபோக, அம்மாவோடு திருச்சிக்கு வந்து பிழைப்புக்காக நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அப்பல்லாம் நாடகத்துல பெண் வேஷத்தையும் பெரும்பாலும் ஆண்களே போட்டாங்க. குடும்பப் பெண் அரிதாரம் பூசி மேடை ஏறினால் ஊர் மதிக்காது. அவர் ஏறினார். பாடினார், நடித்தார், குடும்பத்துக்குச் சோறு போட்டார்.

1931 அக்டோபர் 31-ல் காளிதாஸ் படம் வந்தது. கருப்பு வெள்ளைப் படம். எந்தச் சிவப்பு பூசினாலும் திரையில் சிவப்பாத் தெரியாது. ஆனாலும் அந்த முகத்தையும் குரலையும் காண ஜனங்க திரண்டாங்க. 1936-ல், தான் எழுதிய நாவலையே மிஸ் கமலா என்று படமாக எடுத்து, இயக்கி, நடித்தார். தமிழில் படம் இயக்கிய முதல் பெண் அவர்தான். சினிமா ராணி என்று பட்டம் கிடைத்தது. 1964-ல் காலமானார்.

சகோதரிகளே, சாயம் பூசுவதும் பூசாததும் அவங்கவங்க விருப்பம். நம்ம மாநிறத்துக்குச் செங்கல் சிவப்பும் மெரூனும் எடுப்பா இருக்கும். வாங்கும்போது காலாவதி தேதியைப் பாருங்க. ஒருத்தர் பூசியதை இன்னொருத்தர் பூச வேண்டாம்.

கூத்தாடி என்கிற சொல்லை மட்டும் நம்ம பொண்ணுங்க மேல வசவா எறிய வேண்டாம். அது உழைச்சுச் சாப்பிட்டவங்களோட தொழில் பெயர்.