தலைமை நீதிபதி ஜான் மார்ஷல்

1801ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆம் நாள். அமெரிக்காவின் புதிய தலைநகரமான வாஷிங்டனில், வெளியுறவு அமைச்சரின் அலுவலகம் பரபரப்பாக இருந்தது. அதிபர் ஜான் ஆடம்ஸின் பதவிக்காலம் அன்றோடு முடிவடைகிறது. தேர்தலில் அவரைத் தோற்கடித்த தாமஸ் ஜெபர்சன் மறுநாள் பதவி ஏற்கப் போகிறார். விடைபெறுவதற்கு முன், ஆடம்ஸ் தம் கட்சியைச் சேர்ந்த பலரை நீதித்துறைப் பதவிகளில் அமர்த்தியிருந்தார். அவர்களுக்குரிய நியமனக் கடிதங்களில் அரசு முத்திரையைப் பதித்து அனுப்ப வேண்டியது வெளியுறவு அமைச்சரின் பொறுப்பு. முத்திரைகள் பதிக்கப்பட்டன. ஆனால், அவசரத்தில் சில கடிதங்கள் உரியவர்களிடம் போய்ச் சேராமல் அலுவலகத்திலேயே தங்கிவிட்டன.

அந்த அமைச்சரின் பெயர் ஜான் மார்ஷல். அவர் அனுப்பத் தவறிய கடிதங்களே இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பெரும் வழக்காக அவர் முன்னாலேயே வந்து நின்றன. அவ்வழக்கின் தீர்ப்பு அமெரிக்க அரசாங்கத்தின் போக்கையே மாற்றியது.

ஜான் மார்ஷல் 1755ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் வர்ஜீனியாவின் எல்லைப்புறப் பகுதியில் பிறந்தார். பதினைந்து பிள்ளைகளில் அவரே மூத்தவர். அவருடைய தந்தை தாமஸ் மார்ஷல் நில அளவையாளர். ஜார்ஜ் வாஷிங்டனின் நண்பர். அக்காலத்தில் அப்பகுதியில் பள்ளிக்கூடங்கள் அரிது. அதனால், மார்ஷல் பள்ளியில் பயின்ற காலம் மிகவும் குறைவு. தந்தை வாங்கி வந்த புத்தகங்களே அவருக்கு ஆசான்களாக விளங்கின. கவிதைகளை விரும்பிப் படித்தார். பிடித்தவற்றைத் தம் கையாலேயே படியெடுத்து வைத்துக்கொண்டார்.

பிரிட்டனுக்கு எதிராக விடுதலைப் போர் மூண்டபோது அவருக்கு வயது 19. தந்தையும் மகனும் போரில் சேர்ந்தனர். 1777ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தை வாஷிங்டனின் படையினர் வேலி ஃபோர்ஜ் என்னுமிடத்தில் கூடாரங்களிலும் குடிசைகளிலும் கழித்தனர். போதிய உணவில்லை, பலருக்குக் காலணிகூட இல்லை. காங்கிரஸ் எனப்பட்ட நாட்டின் பேரவைக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லாததால், படைக்குத் தேவையானவற்றை அதனால் சரிவர அனுப்ப முடியவில்லை. பதின்மூன்று மாநிலங்களும் தத்தம் போக்கில் நடந்தன. வலுவற்ற நடுவண் அரசு ஒரு நாட்டை எந்த நிலைக்குத் தள்ளும் என்பதை அந்தப் பனிக்காலத்தில் மார்ஷல் நேரில் கண்டார். அந்த அனுபவம் அவர் மனத்தில் பசுமரத்தாணி போலப் பதிந்தது.

போருக்கிடையே கிடைத்த ஓய்வில் சில வாரங்கள் மட்டும் கல்லூரியில் சட்டம் பயின்றார். அவ்வளவுதான் அவருடைய சட்டக் கல்வி! ஆனாலும், ரிச்மண்ட் நகரில் சில ஆண்டுகளிலேயே சிறந்த வழக்கறிஞர் எனப் பெயர் எடுத்தார். 1783ஆம் ஆண்டு மேரி ஆம்ப்ளரை மணந்தார். அனைவரும் அவரைப் பாலி என்றே அழைத்தனர். பாலி அடிக்கடி நோய்வாய்ப்பட்டதால், சந்தைக்குப் போய்க் காய்கறியும் இறைச்சியும் வாங்கி வருவதை மார்ஷலே செய்தார். அவர் உடையில் அக்கறை காட்டாதவர். ஒருநாள், ஊருக்குப் புதிதாக வந்த இளைஞர் ஒருவர் சந்தையில் அவரைக் கூலியாள் என்று நினைத்துத் தாம் வாங்கிய வான்கோழியைத் தூக்கி வரச் சொன்னாராம். மார்ஷலும் மறுபேச்சின்றி அதை அவர் வீடு வரை சுமந்து சென்று கொடுத்தாராம். ரிச்மண்ட் மக்கள் இக்கதையை நெடுங்காலம் சொல்லி மகிழ்ந்தனர்.

போர் முடிந்தபின், 1787இல் பிலடெல்பியா நகரில் தலைவர்கள் கூடிப் புதிய அரசியலமைப்புச் சட்டத்தை வரைந்தனர். அவர்களுக்கு இரண்டு அச்சங்கள் இருந்தன. அரசு வலுவிழந்தால் நாடு சிதறும். அரசு மிகுந்த வலிமை பெற்றால் மக்களின் உரிமை பறிபோகும். ஆகவே, அதிகாரத்தை மூன்று கிளைகளாகப் பிரித்தனர். சட்டத்தை இயற்றுவது காங்கிரஸ். அதை நிறைவேற்றுவது அதிபர். வழக்குகளில் தீர்ப்பு வழங்குவது நீதிமன்றம். பிரித்ததோடு அவர்கள் நிற்கவில்லை. ஒவ்வொரு கிளையின் கையிலும் மற்றொன்றைத் தடுத்து நிறுத்தும் ஒரு கடிவாளத்தைக் கொடுத்தனர். காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டத்தை அதிபர் ஏற்காமல் திருப்பி அனுப்பலாம். ஆனால், காங்கிரசின் இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் மீண்டும் ஆதரித்தால், அதிபர் மறுத்தாலும் அது சட்டமாகிவிடும். நீதிபதிகளை அதிபர் நியமிக்கலாம். ஆனால், காங்கிரசின் மேலவையான செனட் ஒப்புதல் தர வேண்டும். அதிபரோ நீதிபதியோ பெருங்குற்றம் புரிந்தால், கீழவை குற்றம் சாட்டும், செனட் விசாரிக்கும்.

அப்படியானால், நீதிமன்றத்தின் கையில் இருந்த கடிவாளம் எது? இதுதான் அன்று பலருக்கும் தெளிவாக விளங்காத ஒன்று. அரசியலமைப்புச் சட்டம் அதைப் பற்றி வெளிப்படையாக எதையும் கூறவில்லை. 1788இல் வர்ஜீனியா மக்களின் பேராளர்கள் அச்சட்டத்தை ஏற்பதா, மறுப்பதா என்று வாதிட்டபோது, மார்ஷலும் அவர்களுள் ஒருவராக இருந்தார். காங்கிரஸ் தன் வரம்பை மீறிச் சட்டம் இயற்றினால், அது செல்லாது என நீதிபதிகள் அறிவிப்பார்கள் என்று அவர் அங்கேயே வாதிட்டார். 79க்கு 89 என்ற வாக்குகளில் வர்ஜீனியா புதிய சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

பின்னர், மார்ஷல் பிரான்சுக்குத் தூதராகச் சென்றார். பேச்சுவார்த்தையைத் தொடங்குவதற்கே பிரெஞ்சு அமைச்சரின் ஆள்கள் கையூட்டுக் கேட்டனர். அவரும் உடன் சென்றவர்களும் மறுத்துவிட்டனர். 1798இல் நாடு திரும்பியபோது அவருக்குப் பெரும் வரவேற்புக் கிடைத்தது. அடுத்தடுத்துக் காங்கிரஸ் உறுப்பினராகவும் வெளியுறவு அமைச்சராகவும் உயர்ந்தார். 1801ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஆடம்ஸ் அவரை உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக நியமித்தார்.

அது அன்று பெருமைக்குரிய பதவி அன்று. ஆடம்ஸ் முதலில் அழைத்தது, முன்பு அப்பதவியை வகித்த ஜான் ஜேயைத்தான். நீதிமன்றத்திற்கு வலுவும் மதிப்பும் இல்லை என்று கூறி அவர் மறுத்துவிட்டார். காங்கிரசுக்கும் அதிபருக்கும் வாஷிங்டனில் மாளிகைகள் எழுந்துகொண்டிருந்தன. உச்ச நீதிமன்றத்துக்கோ ஒரு கட்டடம்கூடத் திட்டமிடப்படவில்லை. காங்கிரஸ் கட்டடத்தில் ஒரு சிறிய அறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

மார்ச் 4ஆம் நாள், புதிய அதிபர் ஜெபர்சனுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் தலைமை நீதிபதி மார்ஷல். இருவரும் தாய்வழியில் உறவினர்கள். ஆயினும், அரசியலில் எலியும் பூனையும் போல இருந்தார்கள். பதவி ஏற்றதும் ஜெபர்சனுக்கு அந்தக் கடிதங்களைப் பற்றித் தெரிய வந்தது. எதிர்க்கட்சியினருக்கு எழுதப்பட்ட அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று உத்தரவிட்டார்.

கடிதம் கிடைக்காதவர்களுள் ஒருவர் வில்லியம் மார்பரி. அவருக்கு வழங்கப்பட்டிருந்தது அமைதி நீதிபதி என்னும் சிறிய பதவிதான். தம் கடிதத்தைக் கொடுக்குமாறு புதிய வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் மேடிசனுக்கு ஆணையிட வேண்டும் என்று அவர் நேரே உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். அப்போது காங்கிரஸ் ஜெபர்சனின் கட்சியினர் வசம் இருந்தது. அது நீதிமன்றத்தின் அமர்வு நாள்களை மாற்றிவிட்டது. இதனால், ஏறத்தாழ 14 மாதங்கள் உச்ச நீதிமன்றம் கூடவே முடியவில்லை.

1803ஆம் ஆண்டு பிப்ரவரியில் வழக்கு விசாரணைக்கு வந்தது. மார்ஷலின் நிலை இருதலைக் கொள்ளி எறும்பு போல ஆனது. கடிதத்தைக் கொடு என்று ஆணையிட்டால், ஜெபர்சனும் மேடிசனும் அதைப் பொருட்படுத்தமாட்டார்கள். அவர்களை வற்புறுத்த நீதிமன்றத்திடம் படையும் இல்லை, பணமும் இல்லை. ஊரார் பார்த்திருக்க நீதிமன்றம் அவமானப்படும். மார்பரிக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தாலோ, அதிபருக்கு அஞ்சி நீதியைக் கைவிட்டதாக ஆகிவிடும். தாமே முத்திரையிட்ட கடிதத்தைப் பற்றித் தாமே தீர்ப்பளிக்க அமர்ந்ததும் முறையன்று. இக்காலத்து நீதிபதி ஒருவர் அப்படிப்பட்ட வழக்கிலிருந்து விலகிக்கொள்வார். மார்ஷல் விலகவில்லை. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 24ஆம் நாள் அவர் தீர்ப்பை வாசித்தார். மார்பரிக்கு அப்பதவியில் உரிமை உண்டா? உண்டு என்றார். கையொப்பமும் முத்திரையும் இட்டவுடனேயே நியமனம் முழுமை பெற்றுவிட்டது. கடிதத்தைத் தர மறுத்தது சட்டத்துக்குப் புறம்பானது. பறிக்கப்பட்ட உரிமைக்குச் சட்டத்தில் பரிகாரம் உண்டா? அதுவும் உண்டு என்றார். அதிபரின் கட்சியினர் முகம் சிவந்திருக்கும். ஆனால், மூன்றாவது கேள்வியில் தீர்ப்பு திசை மாறியது. அந்தப் பரிகாரத்தை வழங்கும் அதிகாரம் இந்த நீதிமன்றத்துக்கு இருக்கிறதா? இல்லை என்றார் மார்ஷல்.

காரணம் இதுதான். எவ்வகை வழக்குகள் நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் தொடங்கலாம் என்பதை அரசியலமைப்புச் சட்டம் வரையறுத்திருந்தது. வெளிநாட்டுத் தூதர்கள் தொடர்பான வழக்குகளும், ஒரு மாநிலமே வழக்காடும் வழக்குகளும் அவற்றுள் அடங்கும். மார்பரியின் வழக்கு அவ்வகையைச் சேர்ந்தது அன்று. ஆனால், 1789இல் காங்கிரஸ் இயற்றிய நீதித்துறைச் சட்டத்தின் ஒரு பிரிவு, இத்தகைய ஆணையை நேரடியாகப் பிறப்பிக்கும் அதிகாரத்தையும் நீதிமன்றத்துக்குக் கொடுத்திருந்தது. இரண்டும் முரண்படும்போது எதை ஏற்பது? மக்கள் ஏற்றுக்கொண்ட அரசியலமைப்புச் சட்டமே உயர்ந்தது. அதற்கு மாறாகக் காங்கிரஸ் இயற்றிய சட்டம் செல்லாது. எது சட்டம் என்று எடுத்துரைப்பது நீதிபதிகளின் கடமை என அவர் விளக்கினார்.

இதில் அவருடைய நுட்பத்தைக் கவனியுங்கள். காங்கிரஸ் கொடுத்த ஒரு சிறிய அதிகாரத்தை அவர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். அப்படிக் கொடுக்கும்போதே, காங்கிரசின் சட்டத்தைச் செல்லாததாக்கும் மிகப் பெரிய அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு நிலைநாட்டினார். ஜெபர்சனால் எதிர்த்து எதுவும் செய்ய முடியவில்லை. அவர் மீறுவதற்கு அங்கு ஆணை எதுவுமே இல்லை! பாவம், மார்பரிக்கு மட்டும் அந்தக் கடிதம் கடைசி வரை கிடைக்கவில்லை.

கடிவாளம் மறுபக்கத்திலும் இழுபட்டது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளுள் ஒருவரான சாமுவல் சேஸ், நீதிமன்றத்திலேயே தம் அரசியல் கருத்துகளைக் காரமாகப் பேசுபவர். 1804இல் கீழவை அவர் மீது குற்றம் சாட்டியது. சேஸ் வீழ்ந்தால் அடுத்த இலக்கு மார்ஷல்தான் என்று பலர் பேசிக்கொண்டனர். மார்ஷலும் கலங்கித்தான் போனார். நீதிபதிகளைப் பதவியிலிருந்து நீக்குவதைவிட, அவர்களுடைய தீர்ப்புகளைக் காங்கிரஸ் மாற்றிக்கொள்வது மேல் என்று ஒரு கடிதத்தில் எழுதும் அளவுக்கு அவர் இறங்கி வந்தார். 1805 மார்ச்சில் செனட் வாக்களித்தது. எந்தக் குற்றச்சாட்டுக்கும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் கிடைக்கவில்லை. ஜெபர்சனின் கட்சியைச் சேர்ந்தவர்களிலேயே சிலர், பிடிக்காத தீர்ப்புக்காகவோ பேச்சுக்காகவோ ஒரு நீதிபதியை நீக்கக்கூடாது என்று நினைத்தனர். சேஸ் தப்பினார். அன்று முதல் நீதிபதிகள் அரசியல் மேடைப் பேச்சை நீதிமன்றத்தில் குறைத்துக்கொண்டனர்.

மார்ஷல் 34 ஆண்டுகள் தலைமை நீதிபதியாக இருந்தார். அவருக்கு முன், நீதிபதிகள் ஒவ்வொருவரும் தனித்தனியே தம் கருத்தை வாசிப்பது வழக்கம். அதை மாற்றி, நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒரே குரலில் ஒலிக்கச் செய்தார். நீதிபதிகள் அனைவரையும் ஒரே விடுதியில் தங்கவைத்து, ஒன்றாக உண்டு, பேசி, ஒத்த முடிவுக்கு வரவைத்தார். 500க்கும் மேற்பட்ட தீர்ப்புகளை அவரே எழுதினார். ஆயினும், அவர் காலத்தில் காங்கிரசின் சட்டம் எதையும் உச்ச நீதிமன்றம் மீண்டும் செல்லாததாக்கவில்லை. தாம் பெற்றுத் தந்த வாளை அவர் உறையிலேயே வைத்திருந்தார்.

அந்த வாளுக்கும் எல்லை உண்டு என்பதை அவருடைய முதுமை காட்டியது. ஜார்ஜியா மாநிலம் செரோக்கீ பழங்குடியினரின் நிலத்தில் தன் சட்டங்களைத் திணித்தது. அதற்குப் பணியாத சாமுவல் வூஸ்டர் என்ற சமயப் பணியாளரைச் சிறையில் அடைத்தது. 1832இல், செரோக்கீ நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டங்கள் செல்லா என்று மார்ஷல் தீர்ப்பளித்தார். ஜார்ஜியா செவிசாய்க்கவில்லை. அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனும் பழங்குடியினர் பக்கம் நிற்கவில்லை. மறுஆண்டு வூஸ்டர் விடுவிக்கப்பட்டார். ஆனால், செரோக்கீ மக்களின் நிலம் காப்பாற்றப்படவில்லை. 1838இல் படையினர் அவர்களை மேற்கு நோக்கி விரட்டினர். வழியிலும் முகாம்களிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிறர் உரிமையைப் பற்றி இவ்வளவு எழுதிய மார்ஷல், தம் வீட்டிலும் பண்ணைகளிலும் ஆப்பிரிக்க அடிமைகளை வைத்திருந்தார். அவர்களுடைய விடுதலை வழக்குகளில் அவருடைய பேனா தாராளமாக ஓடவில்லை.

1831ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று பாலி இறந்தார். அதன்பின் மார்ஷலின் உடல்நலமும் குன்றியது. 1835ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், சிகிச்சைக்காகச் சென்றிருந்த பிலடெல்பியாவில் தம் 79ஆம் வயதில் அவர் காலமானார். ரிச்மண்டில் பாலியின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். தம் கல்லறையில் பொறிக்க வேண்டிய வரிகளை, இறப்பதற்கு இரண்டு நாள்களுக்கு முன் அவரே எழுதி வைத்திருந்தார். பெற்றோரின் பெயர், பிறந்த நாள், பாலியை மணந்த நாள், இறந்த நாளுக்காக ஒரு வெற்றிடம் ஆகியவையே அதில் இருந்தன. தலைமை நீதிபதி என்ற சொல் அதில் எங்கும் இல்லை.