தோல்விக்கும் கணக்கு வைத்தவர்

நான் பிறந்து வளர்ந்தது நாகபுரியில். என் தந்தையார் பிழைப்பை நாடித் தமிழ்நாட்டை விட்டு அங்கே சென்று குடியேறியவர். சிறு வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடைவீதிக்குப் போகும்போது, வழி சொல்லும் பெரியவர்கள் எல்லோரும் எம்பிரஸ் மில்லைச் சொல்லியே இடத்தை அடையாளம் காட்டுவார்கள். மில் எங்கே என்று சுற்றுமுற்றும் பார்ப்பேன். மில் இராது. அது மூடப்பட்டு, அந்த நிலத்தில் பெரிய வணிக வளாகம் எழுந்துவிட்டது. இல்லாத ஓர் ஆலை எப்படி ஊருக்கு அடையாளமாக நிற்கிறது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அந்த ஆலையைக் கட்டிய ஜம்ஷெட்ஜி டாடாவின் வரலாற்றை இந்த ஆண்டுதான் ஒழுங்காகப் படித்தேன். படிக்க வைத்தது என் பெருமை அன்று, என் பிழை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஜம்ஷெட்ஜி 1839-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் குஜராத்தில் உள்ள நவ்சாரியில் பிறந்தார். பார்சி சமயக் குருமார்களின் குடும்பம் அது. தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த புரோகிதத் தொழிலை விட்டுப் பம்பாய்க்குச் சென்று வாணிபம் தொடங்கியவர் அவர் தந்தை நஸர்வான்ஜி. ஊரை விட்டுப் பிழைக்க வந்தவரின் மகன் ஜம்ஷெட்ஜி என்பதை, நம்மில் பலர் ஒரு புன்னகையுடன் நினைத்துக்கொள்ளலாம். பதினான்காம் வயதில் மகனும் பம்பாய் சேர்ந்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1858-இல் படிப்பை முடித்தார். மறு ஆண்டே தந்தையின் கம்பெனி வேலையாக ஹாங்காங் சென்றார்.

அங்கே நடந்த வாணிபத்தில் பருத்தி மட்டுமன்றி அபினியும் இருந்தது. அக்காலத்தில் அது சட்டத்துக்கு உட்பட்ட வணிகம். பம்பாயின் பெரிய வணிகர் பலரும் அதில் ஈடுபட்டிருந்தனர். ஆயினும் பெரியோர் வரலாற்றை எழுதும்போது இத்தகைய பக்கங்களைக் கிழித்துவிட்டு எழுதுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. கிழிக்காமல் படிப்பதே மாணவனுக்கு அழகு.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அமெரிக்கப் பருத்தி வராமல் லங்காஷயர் ஆலைகள் தவித்தன. இந்தியப் பருத்தியின் விலை விண்ணை முட்டியது. பம்பாயில் பொன் மழை பொழிந்தது. வங்கிகளும் பங்குக் கம்பெனிகளும் காளான்களைப் போல் முளைத்தன. இலண்டனில் ஓர் இந்திய வங்கியைத் தொடங்கும் நோக்கத்துடன் ஜம்ஷெட்ஜி கப்பலேறினார். ஆனால் 1865-இல் போர் முடிந்தது. அமெரிக்கப் பருத்தி மீண்டும் சந்தைக்கு வந்தது. பருத்தி விலை ஒரேயடியாகச் சரிந்தது. ஜம்ஷெட்ஜி கையில் இருந்த பத்திரங்கள் செல்லாக் காகிதங்கள் ஆயின. அந்நிய நாடு, இருபத்தாறு வயது, ஊரில் தந்தையின் கம்பெனி திவாலாகும் நிலை. எதிரே கடன்காரர்கள்.

அவர் ஓடி ஒளியவில்லை. கணக்கைத் திருத்தவும் இல்லை. கடன் கொடுத்தவர்களையும் வங்கிக்காரர்களையும் நேரில் சந்தித்து, இருப்பது இவ்வளவு, இல்லாதது இவ்வளவு என்று உள்ளதை உள்ளபடியே எடுத்து வைத்தார். அதன் விளைவு வியப்பானது. அந்தக் கடன்காரர்கள், சொத்துகளைக் கலைத்துக் கடனைத் தீர்க்கும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுக்காமல், அந்த இளைஞரிடமே சம்பளம் கொடுத்து ஒப்படைத்தனர். பணம் போயிற்று, பெயர் போகவில்லை. அவர் பிற்காலத்தில் சேர்த்த செல்வத்துக்கெல்லாம் உண்மையான முதல், இலண்டனில் மிஞ்சிய அந்த நம்பிக்கையே என்று நான் கருதுகிறேன்.

பம்பாய் திரும்பினார். 1868-இல் 21,000 ரூபாய் மூலதனத்தில் தம் பெயரில் ஒரு வாணிபக் கம்பெனியைத் தொடங்கினார். மறு ஆண்டில் சிஞ்ச்போக்லியில் நொடித்துப்போன ஓர் எண்ணெய் ஆலையை வாங்கி, நூல் ஆலையாக மாற்றி, சிறிது காலத்தில் இலாபத்துக்கு விற்றார். பிறகு இங்கிலாந்து சென்று லங்காஷயர் ஆலைகளை உன்னிப்பாகக் கவனித்தார்.

அந்நாளில் பஞ்சாலை என்றால் பம்பாய்தான். எல்லோரும் பம்பாயில் கட்டினர். ஜம்ஷெட்ஜி வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வேறுவிதமாகக் கேட்டார். பருத்தி எங்கே விளைகிறது? நிலக்கரி எங்கே கிடைக்கிறது? துணியை வாங்குவோர் எங்கே இருக்கின்றனர்? மூன்றுக்கும் பக்கமாக நின்றது நாகபுரி. வாங்கிய நிலமோ சதுப்பு. மண் கொட்டி மேடாக்க வேண்டியிருந்தது. ஊரில் இருந்த ஒரு மார்வாரி லேவாதேவிக்காரர், பொன்னைக் கொண்டுவந்து மண்ணில் புதைக்கும் இவருக்குப் பணம் தரமாட்டேன் என்று மறுத்தாராம். பிற்காலத்தில், மண்ணைப் போட்டுப் பொன்னை எடுத்துவிட்டார் என்று அவரே ஒப்புக்கொண்டாராம். நாகபுரியில் நானும் இக்கதையைக் கேட்டிருக்கிறேன். 15 லட்சம் ரூபாய் மூலதனத்தில் எழுந்த அந்த ஆலை 1877-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்டது. அன்றுதான் விக்டோரியா இந்தியாவின் சக்கரவர்த்தினியாக அறிவிக்கப்பட்டார். ஆலைக்கும் அப்பெயரே வந்தது.

தொடக்கம் இனிமையாக இல்லை. மலிவாக வாங்கிய இயந்திரங்கள் சரியாக ஓடவில்லை. அவற்றை மாற்ற வேண்டியதாயிற்று. மலிவு என்பது பல சமயம் அதிக விலை என்ற பாடத்தை ஜம்ஷெட்ஜி அங்கே கற்றார். மேலாளராக அவர் அமர்த்திய பெஜோன்ஜி மேத்தா, ரயில்வேயிலிருந்து வந்தவர், பஞ்சாலையை அறியாதவர். தொழிலைக் கற்றுக்கொள்ளலாம், குணத்தை அப்படிக் கற்க முடியாது என்பது ஜம்ஷெட்ஜியின் கணக்கு போலும். அக்கணக்குத் தவறவில்லை.

விஞ்ஞான மாணவனாகிய எனக்கு மிகவும் பிடித்த பகுதி, வளையக் கதிர் கதைதான். பழைய ‘மியூல்’ இயந்திரம் முதலில் நூலை இழுத்து முறுக்கும், பிறகு நின்று சுற்றும், மறுபடியும் இழுக்கும். புதிதாக வந்த வளையக் கதிரோ முறுக்குவதையும் சுற்றுவதையும் இடைவிடாமல் ஒரே சமயத்தில் செய்யும். லங்காஷயர் முதலாளிகள் பழகிய இயந்திரத்தை விட மனமின்றி இதனை ஐயத்துடன் பார்த்தனர். ஜம்ஷெட்ஜி 1880-களில் சிலவற்றை மட்டும் வரவழைத்து நாகபுரியில் ஓட்டிப் பார்த்தார், அளந்தார், பிறகே ஆலை முழுவதற்கும் கொண்டுவந்தார். பெரியவர் சொல்லை விடச் சோதனையின் சொல்லுக்கு மதிப்பளித்தார். இதைவிடச் சுருக்கமாக விஞ்ஞான முறையை விளக்க முடியுமா?

தொழிலாளர் பலர் நாள்தோறும் வேலைக்கு வருவதில்லை. மற்ற ஆலைகளில் அபராதம் விதித்தனர். இவர், ஏன் வருவதில்லை என்று யோசித்தார். காற்றோட்டமும், புழுக்கத்தைத் தணிக்கும் கருவிகளும், தீயை அணைக்கும் அமைப்பும் செய்தார். 1886-இல் ஓய்வூதிய நிதியும், 1895-இல் விபத்துக்கு ஈட்டுத்தொகையும் ஏற்படுத்தினார். விழாக்களும் பரிசளிப்பு நாட்களும் நடத்தினார். அக்கால ஆலைகளின் வேலை நேரம் மிக நீண்டது என்பதை நாம் மறக்கலாகாது. அவ்வுலகில் வாழ்ந்த முதலாளியே அவரும். ஆயினும் தொழிலாளியை இயந்திரத்தின் உறுப்பாகக் கருதாமல் மனிதனாகக் கருதத் தொடங்கியவர்களின் முன்வரிசையில் அவர் நிற்கிறார்.

இனி, தோல்விகள். 1886-இல் குர்லாவில் தரம்ஸி மில் என்ற பழுதுபட்ட ஆலையை வாங்கி, ஸ்வதேசி மில் என்று பெயரிட்டார். அது அவரை ஆட்டிப் படைத்தது. பழுதான இயந்திரம், நட்டம், சரிந்த பங்கு விலை. தம் சொந்தச் சொத்தைப் பணயம் வைத்தும், நாகபுரியிலிருந்து தேர்ந்த ஆட்களைக் கொண்டுவந்தும் அதை ஆண்டுக்கணக்கில் போராடி நிமிர்த்தினார். 1893-இல் ஜப்பானியக் கப்பல் கம்பெனி ஒன்றுடன் சேர்ந்து, கீழ்த்திசைக்குச் சரக்கேற்றும் ஆங்கிலக் கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்தார். ஆங்கிலக் கம்பெனி கப்பல் கூலியைப் பெயரளவுக்குக் குறைத்தது. ஆதரவளிப்பதாகச் சொன்ன நம் வணிகர்களே மலிவைக் கண்டதும் அந்தப் பக்கம் சாய்ந்தனர். ஜம்ஷெட்ஜியின் கப்பல் தொழில் மூழ்கியது. பெரியவர்களின் வரலாற்றில் வெற்றிகளை மட்டும் எண்ணுகிறவர்கள் இதை ஓரிரு வரியில் தாண்டிவிடுவார்கள். தலைமை என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும் என்பேன். நட்டத்தை ஏற்றார், கைவிட்டவர்களுடன் மல்லுக்கு நிற்காமல் அடுத்த வேலைக்குப் போனார்.

அடுத்த வேலைகள் மூன்று: இரும்பு, நீரிலிருந்து மின்சாரம், விஞ்ஞானக் கல்விக்கூடம்.

1882-இல் சாந்தா மாவட்டத்தின் இரும்புக் கனிகளைப் பற்றி ஒரு ஜெர்மானிய நிபுணர் எழுதிய அறிக்கை அவர் கண்ணில் பட்டது. சாந்தா எங்கள் நாகபுரிக்குத் தெற்கே உள்ள மாவட்டம். இன்று சந்திரபூர் என்று பெயர். அருகே வரோராவில் கிடைத்த நிலக்கரி இரும்பு உருக்க உதவாது என்று சோதனையில் தெரிந்தது. சர்க்காரின் சுரங்க விதிகளும் இடம் கொடுக்கவில்லை. முயற்சியை மூட்டை கட்டினார், ஆனால் மறக்கவில்லை. 1899-இல் கர்சன் பிரபு காலத்தில் விதிகள் தளர்ந்தன. பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு, அறுபது வயதில், பழைய மூட்டையை அவிழ்த்தார். 1902-இல் அமெரிக்கா சென்று பிட்ஸ்பர்க் உலைகளைப் பார்த்தார். சார்லஸ் பேஜ் பெரின் என்னும் பொறியியல் நிபுணரை இந்திய முயற்சிக்கு இணங்க வைத்தார். ஒரு கல்லும் நாட்டாத அந்நிலையிலேயே, எழப்போகும் தொழில் நகரில் அகன்ற வீதிகளும், நிழல் மரங்களும், விளையாட்டு வெளிகளும், எல்லா மதத்தாருக்கும் வழிபாட்டு இடங்களும் வேண்டும் என்று மகன் தோராப்ஜிக்குக் கடிதம் எழுதினார்.

கல்விக்கூடத்தின் கதையும் அத்தகையதே. 1892-இல் மேல்நாடு சென்று படிக்கும் இந்திய மாணவர்களுக்காக ஒரு நிதியை ஏற்படுத்தினார். அதனால் பயன்பெற்றவர்களில் அணு விஞ்ஞானி ராஜா ராமண்ணாவும், பின்னாளில் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணனும் உண்டு. பிறகு, நம் நாட்டிலேயே ஆராய்ச்சிக் கல்விக்கூடம் ஒன்று அமைய 30 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்துகளைத் தர முன்வந்தார். கர்சனோ, தகுதியுள்ள மாணவர்கள் கிடைப்பார்களா, படித்த பின் அவர்களுக்கு வேலை கிடைக்குமா என்று ஐயுற்றார். 1900-இல் இங்கு வந்து சுற்றிப் பார்த்த வில்லியம் ராம்சே பெங்களூரே ஏற்ற இடம் என்றார். அப்போது மைசூர் திவானாக இருந்த கே. சேஷாத்ரி ஐயர் இதற்குத் துணை நின்றார். மைசூர் சமஸ்தானம் 371 ஏக்கர் நிலம் அளித்தது. ஆனால் அனுமதி வருடக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது.

1904-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் ஜெர்மனியில் உள்ள பாட் நௌஹைமில் ஜம்ஷெட்ஜி காலமானார். வயது அறுபத்தைந்து. அவர் கண்ணால் கண்டது 1903 டிசம்பரில் பம்பாயில் திறந்த தாஜ்மகால் ஹோட்டலை மட்டுமே. மூன்று பெருங்கனவுகளில் ஒன்றுகூட அன்று நிறைவேறவில்லை.

ஆயினும் நின்றுவிடவில்லை. புவியியலார் பி. என். போஸ் மயூர்பஞ்சில் இரும்பு இருப்பதைச் சுட்டினார். 1907-இல் கம்பெனி பதிவாயிற்று. ஆயிரக்கணக்கான இந்தியர் பங்கு வாங்கினர். 1912-இல் சாக்சியில் முதல் எஃகு வார்க்கப்பட்டது. 1919-இல் அவ்வூர் ஜம்ஷெட்பூர் ஆயிற்று. அந்நகருக்காகத் தம் மண்ணை விட்டுக் கொடுத்த பழங்குடி மக்களையும் இவ்விடத்தில் நினைப்பதே நியாயம். பெங்களூர்க் கல்விக்கூடம் 1909-இல் உருப்பெற்று, 1911-இல் மாணவர்களை ஏற்றது. 1933-இல் நம் சி. வி. ராமன் அதன் முதல் இந்திய இயக்குநரானார். மேற்குத் தொடர்ச்சி மலையின் நீரிலிருந்து பிறந்த மின்சாரம் 1915-இல் பம்பாய் ஆலைகளுக்குப் பாய்ந்தது. தான் இல்லாதபோதும் நடக்கும்படி வேலையைப் பிறர் கையில் வைத்துச் செல்பவனே தலைவன் என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

இனி என் கதைக்கு வருகிறேன். ஓர் உலோகக் கலவையின் மின்தடை வெப்பத்தால் எப்படி மாறுகிறது என்பது என் ஆய்வு. நான்கு மாதம் அளந்தேன். கடைசியில்தான் தெரிந்தது, தொடக்கத்திலேயே வெப்பமானியைச் சரிபார்க்க நான் மறந்துவிட்டேன் என்பது. எண்கள் அத்தனையும் கோணல். ஆய்வேட்டில் பாதி எழுதியாயிற்று. ஒரு திருத்த எண்ணை ஊகமாகப் போட்டால் வரைபடம் அழகாக வந்துவிடும், யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் உறக்கமில்லை. ஊரில் என் தந்தையார் நான் பட்டம் பெறும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்தில்தான் நூலகத்தில் இந்த வரலாறு கையில் அகப்பட்டது. இலண்டனில் கடன்காரர் முன் நின்ற இருபத்தாறு வயது இளைஞரைப் பற்றிய பக்கத்துக்கு மேல் என்னால் அன்று படிக்க முடியவில்லை. மறுநாள் காலை குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனேன். எது இருக்கிறது, எது இல்லை என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, எந்தெந்த அளவுகளைக் காப்பாற்றலாம் என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். அதிகம் தேறவில்லை.

இப்போது மீண்டும் அளந்துகொண்டிருக்கிறேன். ஆய்வேடு குறித்த நாளில் முடியாது. தந்தையாருக்கும் எழுதிவிட்டேன். ஆனால் நேற்று, புதிதாக வந்த முதலாண்டு மாணவர்களுக்குக் கருவிகளைச் சரிபார்க்கும் முறையைச் சொல்லிக் கொடுக்கும் வேலையைப் பேராசிரியர் என்னிடம் ஒப்படைத்தார்.