கணக்குப்பிள்ளை வீட்டுப் பிள்ளை

பரீட்சை முடிவு வெளியாகும் நாட்களில் நம் கடைகளில் வியாபாரப் பேச்சு குறைந்து, பிள்ளைகளின் மார்க்குப் பேச்சே மிகுந்துவிடுகிறது. மார்க்குக் குறைந்த பிள்ளை யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கி நிற்பதையும் நாம் காண்கிறோம். அப்படி ஒதுங்கி நின்ற ஒருவரின் வரலாற்றை இங்கே நினைவுகூர விரும்புகிறோம்.

கணித மேதை இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார், வளர்ந்தது கும்பகோணத்தில். தகப்பனார் அங்கே ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். நமக்கு நன்கு பழக்கமான குடும்ப நிலைதான்! 1897-இல் ஆரம்பப் பரீட்சையில் தஞ்சை ஜில்லாவிலேயே முதலாவதாகத் தேறினார். 1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார்.

துன்பம் அங்கேதான் தொடங்கிற்று. கணிதத்தைத் தவிர வேறெதிலும் அவர் மனம் செல்லவில்லை. மற்றப் பாடங்களில் தவறினார், உதவித்தொகை நின்றது. 1905-இல், 17 வயதில், வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். பெற்றோர் பத்திரிகை மூலம் மகனைத் தேட வேண்டியதாயிற்று! திரும்பி வந்தபின் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும், எஃப்.ஏ. பரீட்சையில் இருமுறை தோற்றார். பட்டமில்லை, வேலையுமில்லை. கணித நோட்டுப் புத்தகங்களே கையில் மிஞ்சின.

1910-இல் அவற்றைத் திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராயிருந்த இராமசாமி ஐயரிடம் காட்டி, குமாஸ்தா வேலை கேட்டார். கணிதம் அறிந்த ஐயர் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்து, இவருக்கு உரிய இடம் இதுவன்று என உணர்ந்து, சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பொருளுதவி செய்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மறு ஆண்டு, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி வழங்கியது. 1914-இல் கப்பலேறினார், 1918-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அந்தோ! 1920-இல், 32 வயதிலேயே மறைந்தார்.

1905-இல் வீட்டை விட்டுப் போன பிள்ளையும், 1910-இல் நோட்டுடன் நின்ற வாலிபரும் ஒருவரே. முன்பு பார்க்கப்பட்டது மார்க்கு. பின்பு பார்க்கப்பட்டது நோட்டு. வேற்றுமை அவ்வளவுதான்!

எல்லாப் பிள்ளைகளும் இராமானுஜன் ஆகிவிடுவதில்லை என்பதை அறிவோம். மார்க்கு வேண்டாம் என்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் கல்லாவைப் பார்த்து எந்த வியாபாரியாவது கடையின் பெறுமதியை முடிவு செய்வாரா? பரீட்சை முடிவு வரும் நாளில், பிள்ளையை அருகில் அமர்த்தி, அவன் ஆசையாய்ச் செய்வது எது என்று கேட்போம். மார்க்கு எதுவானாலும் வீட்டுக்கதவு திறந்தே இருக்கும் என்பதை, அவன் வெளியேறுமுன் சொல்லிவிடுவோம்.